விக்டோரியா வுட்டின் படைப்புகளைப் பார்த்துப் பயில்வது எப்படி?

நகைச்சுவை எழுதப் பழக விரும்புகிறவர்களுக்கும், சிரித்துவிட்டு நகர்ந்துவிடாமல் அந்தச் சிரிப்பு எப்படிக் கட்டப்பட்டது என்று அறிய ஆசைப்படுகிறவர்களுக்கும் பிரிட்டனின் விக்டோரியா வுட்டைக் காட்டிலும் நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது என்பது என் உறுதியான எண்ணம். 1953 மே 19 அன்று இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பிரெஸ்ட்விச்சில் பிறந்து, அருகிலிருக்கும் பெரி நகரத்தின் புறத்தே வளர்ந்து, 2016 ஏப்ரல் 20 அன்று லண்டனில் தம் 62ஆம் வயதில் புற்றுநோயால் மறைந்த அவர், பாடல் எழுதி, மெட்டமைத்து, பியானோ வாசித்துப் பாடினார். மேடையில் தனியாக நின்று இரண்டு மணி நேரம் பேசினார். குறுங்காட்சிகள், நாடகங்கள், தொலைக்காட்சித் தொடர், திரைப்படம் என்று எல்லா வடிவங்களிலும் எழுதி, அவற்றில் தாமே நடித்தார். இத்தனை இருப்பதால், எதை முதலில் பார்ப்பது, எதைக் கவனிப்பது என்று தெரியாமல் புதியவர்கள் திகைக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி.

தொடங்கும் முன் ஒரு கேள்வியை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: “இந்த வரியை ஏன் இந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்தார்?” தமக்கென்று ஒரு நிகழ்ச்சியை எழுதும் நடிகர் நல்ல வரிகளைத் தமக்கே வைத்துக்கொள்வது உலக இயல்பு. விக்டோரியா வுட் நேர்மாறாக நடந்துகொண்டார். அவர் பெயரைத் தாங்கிய நிகழ்ச்சிகளிலேயே, காலத்துக்கும் நிற்கும் பாத்திரங்கள் பிறருக்குப் போயின. இது வெறும் பெருந்தன்மை என்று நான் நினைக்கவில்லை. எந்தக் குரலில் எந்தச் சொல் சிரிப்பாக மாறும் என்பதைத் தராசில் நிறுத்தது போல அறிந்திருந்த எழுத்தாளரின் முடிவு அது. அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே கடந்துவிடலாம்.

முதலில் ‘டின்னர்லேடீஸ்’

நான் அவரை அறிந்தது இணையத்தில் உலவும் சிறு துண்டுக் காட்சிகள் வழியாகத்தான். ஒரு பாடல், ஒரு பரிமாறும் பெண், ஒரு அபத்தத் தொடரின் இரண்டு நிமிடம் என்று பார்த்துவிட்டு, ‘வேடிக்கையான வசனம் எழுதுகிறவர்’ என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். முழு நிகழ்ச்சிகளைப் பார்த்த பிறகே அந்த முடிவு எவ்வளவு குறையுடையது என்று புரிந்தது. எனவே துண்டுகளை ஒதுக்கிவிட்டு, முழுமையான ஒரு படைப்பில் தொடங்குங்கள். அதற்கு ஏற்றது, பிபிசியில் 1998 முதல் 2000 வரை ஒளிபரப்பான ‘டின்னர்லேடீஸ்’. முதல் பருவத்தில் ஆறு, இரண்டாவதில் பத்து என்று மொத்தம் 16 பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரம். அனைத்தையும் எழுதியவர் அவர் ஒருவரே.

வட இங்கிலாந்தில் நண்பகல் உணவை ‘டின்னர்’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. அதைச் சமைத்துப் பரிமாறும் பெண்களே தலைப்பில் இருப்பவர்கள். மான்செஸ்டரில் உள்ள ஒரு தொழிற்சாலையின் கேன்டீன்தான் களம். பொறுப்பாளர் டோனி, அவருக்கு அடுத்த நிலையில் பிரென், ஓயாமல் உரசிக்கொள்ளும் நடுத்தர வயதுத் தோழியர் டாலியும் ஜீனும், வேலைக்குத் தாமதமாக வரும் ட்விங்கிள், எதையும் சற்றுப் பிசகாகவே புரிந்துகொள்ளும் அனிதா, பழுது பார்க்கும் ஸ்டான், பணியாளர் பிரிவிலிருந்து அடிக்கடி வந்து போகும் பிலிப்பா ஆகியோர் அந்த ஒரே அறைக்குள் தேநீர் ஊற்றியும் ரொட்டி வாட்டியும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பிரெனாக நடித்தவர் விக்டோரியா வுட்.

முதல் பகுதியை மூன்று முறை பாருங்கள். முதன்முறை எதையும் குறித்துக்கொள்ளாமல், சிரிப்பு வந்த இடத்தில் சிரித்துக்கொண்டு போங்கள். இரண்டாம் முறை கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஸ்டூடியோப் பார்வையாளர்கள் வாய்விட்டுச் சிரிக்கும் ஒவ்வொரு இடத்திலும், அந்த வரியைச் சொன்ன பாத்திரத்தின் பெயரை மட்டும் எழுதுங்கள். பகுதி முடிந்ததும் எண்ணிப் பார்த்தால், சிரிப்பு ஒருவர் பக்கமே குவியாமல் அறை முழுவதும் பரவிக் கிடப்பது கண்ணுக்குத் தெரியும். மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். பேச்சு ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குத் தாவும் வேகமும், நடுவில் விழும் இடைவெளிகளும் அப்போதுதான் புலப்படும். அவர் இசையமைப்பாளரும்கூட என்பதை எனக்கு உணர்த்தியது பாடல்களை விட இந்த மூன்றாம் முறைதான்.

இதைச் செய்யும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். டோனி புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியவர். பிரென் பெற்ற தாயால் கைவிடப்பட்டு, குழந்தைகள் காப்பகங்களில் வளர்ந்தவர். ஜூலி வால்டர்ஸ் நடித்த அந்தத் தாய், பெட்டுலா, இன்று ஒரு கேரவனில் குடியிருந்துகொண்டு, பிரபலங்களோடு தமக்கிருந்த நெருக்கத்தைப் பற்றிக் கட்டுக்கதைகள் அவிழ்த்துவிட்டுப் போகிறார். அந்தக் காட்சிகளில் நாம் சிரிக்கிறோம். பிரெனும் சிரித்துச் சமாளிக்கிறார். ஆனால் அந்தச் சிரிப்பின் அடியில் இருக்கும் காயத்தை ஆசிரியர் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்கள் நோட்டின் ஓரத்தில், ஒவ்வொரு பாத்திரமும் எதைப் பேசாமல் தவிர்க்கிறது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். பதினாறு பகுதிகள் முடிவதற்குள் அந்த ஓரக் குறிப்புகளே உங்களுக்கு மிகப் பெரிய பாடமாகியிருக்கும்.

சொற்கள் புரியுமா என்ற தயக்கம் பலருக்கு வரும். லங்காஷயர்ப் பேச்சு முதலில் காதுக்குப் பிடிபடாமல் போகலாம். மொழிபெயர்த்த வசன வரிகளைத் தேடாமல், காது கேளாதோருக்காகத் தரப்படும் ஆங்கில வசன வரிகளையே ஓடவிடுங்கள். மொழிபெயர்ப்பில் பொருள் வந்துவிடும். நமக்கு வேண்டிய சொல் வராது.

பெயர்ச்சொற்களைச் சேகரியுங்கள்

அடுத்து, பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் 1985இலும் 1986இலும் இரண்டு பருவங்களாக வெளிவந்து, 1987இல் ஒரு சிறப்பு நிகழ்ச்சியோடு முடிந்த ‘விக்டோரியா வுட்: ஆஸ் சீன் ஆன் டிவி’க்குப் போங்கள். பாடல், தனிப்பேச்சு, குறுங்காட்சி, போலி ஆவணப்படம் என்று எல்லாம் கலந்த கதம்ப நிகழ்ச்சி அது. இங்கே உங்கள் வேலை, பெயர்ச்சொற்களைப் பட்டியலிடுவது.

பெட்ரீஷியா ரௌட்லெட்ஜ் நடித்த கிட்டி என்னும் பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் அமர்ந்து, கேமராவை நேராகப் பார்த்து, எவரும் கேட்காத தம் கருத்துகளை மிகுந்த தன்னம்பிக்கையோடு எடுத்துரைப்பார். அவருக்கு ‘ஒரு சிற்றூரிலிருந்து’ வந்ததாகச் சொல்லத் தெரியாது. மான்செஸ்டருக்குத் தெற்கேயுள்ள சீடிலிலிருந்து வந்தவர் என்றே சொல்வார். ‘தின்பண்டம்’ என்று அவர் சொல்வதில்லை. அது எந்தத் தின்பண்டம் என்று பெயரோடு சொல்வார். கடை, துணி, பாத்திரம், நோய் என எல்லாவற்றுக்கும் அவரிடம் குறிப்பான பெயர் உண்டு. பொதுச்சொல் வர வேண்டிய இடத்தில் குறிப்பான பெயர் வந்து உட்காரும்போது, பேசுகிறவரின் வீடு, வருமானம், கௌரவம், பயம் அனைத்தும் ஒரே சொல்லில் தெரிந்துவிடுகின்றன. விக்டோரியா வுட்டின் நகைச்சுவையில் பெரும்பகுதி இந்த ஒரு நுட்பத்தின் மேல் நிற்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

ஒரு தனிப்பேச்சில் வரும் குறிப்பான பெயர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பொதுப்பெயரை எழுதுங்கள். பிறகு அந்தப் பேச்சைப் பொதுப்பெயர்களோடு உரக்கப் படியுங்கள். தகவல் எதுவும் குறைந்திருக்காது. ஆனால் சிரிப்பு ஒன்றுகூட எஞ்சியிருக்காது. நான் இதைச் செய்து பார்த்த மாலையில்தான் வசனம் எழுதுவதைப் பற்றி எனக்கிருந்த பல எண்ணங்கள் மாறின. ஒலியையும் சேர்த்துக் கவனியுங்கள்: ஒரே பொருளைச் சுட்டும் இரண்டு சொற்களில், வல்லொலியோடு வெடித்து முடியும் சொல்லையே அவர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பதையும், அந்தச் சொல் வாக்கியத்தின் கடைசியில் விழும்படி முழு வாக்கியத்தையும் அடுக்குவதையும் காண்பீர்கள்.

இதே பாடத்தை அவருடைய மிகப் புகழ்பெற்ற பாடலிலும் படிக்கலாம். 1986இல் அரங்கேறிய ‘தி பாலட் ஆஃப் பாரி அண்ட் ஃப்ரீடா’வில், ஆசை பெருகிய மனைவி ஃப்ரீடாவும், எப்படியாவது தப்பித்துக்கொள்ளத் துடிக்கும் கணவர் பாரியும் மாறி மாறிப் பாடுகிறார்கள். காமத்தைப் பேசும் பாடலில் வீட்டுப் பொருள்களும் மளிகைச் சாமான்களும் பெண்கள் வார இதழின் பெயரும் வரிசைகட்டி வருவதே அதன் அழகு. பாடல் முன்னேற முன்னேறச் சுருதி ஏறிக்கொண்டே போகிறது; ஃப்ரீடாவின் பொறுமை குறைவதும் பாரியின் கலக்கம் கூடுவதும் அந்த ஏற்றத்திலேயே கேட்கின்றன. முதல் தடவை சொற்களுக்காகக் கேளுங்கள். அடுத்த தடவை பியானோவை மட்டும் பின்தொடருங்கள்.

ஒரு குறுங்காட்சியைப் பிரித்துப் பார்த்தல்

‘ஆஸ் சீன் ஆன் டிவி’யில் இடம்பெற்ற, ‘இரண்டு சூப்’ என்று ரசிகர்கள் அழைக்கும் காட்சியை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் உணவகத்தில், நேரமில்லாத ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் டங்கன் பிரெஸ்டனும் செலியா இம்ரியும். உணவு கேட்டு எழுத வருகிறவர் ஜூலி வால்டர்ஸ் நடித்த மூதாட்டி. நடை தள்ளாடுகிறது, கை நடுங்குகிறது, காது சரியாகக் கேட்கவில்லை, சொன்னது நினைவில் நிற்கவில்லை. அவர்கள் கேட்பது இரண்டு சூப் மட்டுமே.

காட்சியின் எழுத்து வடிவம் உங்கள் கையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, ஒரு கடிகாரத்தோடு பாருங்கள். பேசும் நேரத்தைத் தனியாகவும், மூதாட்டி மேசைக்கும் சமையலறைக் கதவுக்கும் இடையே நடக்கும் நேரத்தைத் தனியாகவும் குறியுங்கள். எழுத்தாளர் அந்த நடையை வசனத்தால் நிரப்பவில்லை, நடக்க விட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மூதாட்டி புறப்படும்போது, இம்முறையாவது போய்ச் சேர்ந்துவிடுவார் என்று அந்த இருவரோடு நாமும் நம்புகிறோம். ஒவ்வொரு முறையும் அந்த நம்பிக்கை பாதி வழியில் திரும்பி வருகிறது. அந்த இருவரையும் கவனியுங்கள். அவர்கள் ஒரு முறைகூடச் சீறவில்லை. அவர்கள் கோபப்பட்டிருந்தால் மூதாட்டி பரிதாபத்துக்கு உரியவராகிவிடுவார், காட்சியும் அங்கேயே நொறுங்கியிருக்கும். மரியாதை குறையாமல் தவிப்பதுதான் அவர்களுக்கு எழுதப்பட்ட வேலை. அந்தத் தவிப்பே மூதாட்டியைச் சிரிப்புக்குரியவராக மட்டும் வைத்திருக்கிறது. அடுத்தவர் சிரிப்பைத் தாங்கிப் பிடிக்கும் பாத்திரத்தை எப்படி எழுதுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் கண்டதில்லை.

இந்தக் காட்சியில் விக்டோரியா வுட் இல்லை. நம் கேள்விக்கு இங்கே கிடைக்கும் விடை அதுதான்.

அதே நிகழ்ச்சியில் வாரந்தோறும் வந்த ‘ஏகார்ன் ஆன்டிக்ஸ்’ என்னும் போலி நெடுந்தொடரைப் பார்க்கும் முன், அது கேலி செய்யும் பொருளை அறிந்துகொள்வது அவசியம். 1964 முதல் 1988 வரை பிரிட்டனின் தனியார் தொலைக்காட்சியான ஐடிவியில் ஒளிபரப்பான, பர்மிங்காம் அருகே ஒரு மோட்டலைக் களமாகக் கொண்ட ‘கிராஸ்ரோட்ஸ்’ என்னும் தொடர், ஆடும் சுவர்களுக்கும் தடுமாறும் வசனங்களுக்கும் பேர்போனது. அதில் ஒரு பகுதியைத் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு பழம்பொருள் கடையில் மிஸ் பேப்ஸாகச் செலியா இம்ரியும், மிஸ்டர் கிளிஃபோர்டாக டங்கன் பிரெஸ்டனும், பெர்ட்டாவாக விக்டோரியா வுட்டும், தேநீர்த் தட்டோடு நுழையும் மிஸஸ் ஓவராலாக ஜூலி வால்டர்ஸும் செய்யும் ‘தவறுகளை’ எண்ணுங்கள். சற்று முன்னதாக நுழைவது, கேமராவைப் பார்த்துவிட்டுச் சமாளிப்பது, தொலைபேசி ஒலிக்கும் முன்பே எடுப்பது என்று எல்லாமே எழுதி, ஒத்திகை பார்த்து, நொடி பிசகாமல் செய்தவை. தப்பாகத் தோன்றும் ஒன்றைச் சரியாகச் செய்ய எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பதை அங்கே காணலாம். பின்னர் 2005இல் இதுவே ட்ரெவர் நன் இயக்கத்தில் லண்டன் தியேட்டர் ராயல் ஹேமார்க்கெட்டில் இசை நாடகமாக அரங்கேறியது.

பின்னோக்கிப் போங்கள்: 1974 முதல் 1982 வரை

இப்போதுதான் தொடக்க காலத்துக்குப் போக வேண்டும். முதலிலேயே போயிருந்தால் அது வெறும் தேதிகளின் வரிசையாகத் தெரிந்திருக்கும். முதிர்ந்த படைப்புகளைப் பார்த்த பிறகு போனால், எது எங்கே முளைவிட்டது என்று கண்டுபிடிக்க முடியும்.

பெரிக்கு வெளியே, மேட்டுநிலத்தை ஒட்டித் தனித்து நின்ற பெரிய வீட்டில், நான்கு பிள்ளைகளில் கடைசியாக, புத்தகங்களும் பியானோவும் தொலைக்காட்சியுமாக வளர்ந்தவர் அவர். ஆறு வயதில் பக்ஸ்டன் நகரில் ஜாய்ஸ் கிரென்ஃபெல் என்னும் நகைச்சுவைக் கலைஞர் மேடையில் தன்னந்தனியாக நின்று அரங்கையே கட்டிப்போட்டதைப் பார்த்தார். பதினைந்து வயதில் ராச்டேலில் இயங்கிய இளைஞர் நாடகப் பட்டறையில் சேர்ந்தார். பிறகு பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தார். படிக்கும் காலத்திலேயே 1974இல் ஐடிவியின் ‘நியூ ஃபேசஸ்’ திறமைப் போட்டியில் தம் சுற்றில் வென்றார்.

இந்த இடத்தில் பல சுருக்க வரலாறுகள் ஒரே தாவாகப் புகழுக்குத் தாவிவிடுகின்றன. நீங்கள் தாவாதீர்கள். போட்டியில் வென்ற பிறகு வாழ்க்கை திறந்துகொள்ளவில்லை. 1976இல் பிபிசியின் ‘தட்ஸ் லைஃப்’ நிகழ்ச்சியில் நடப்புச் செய்திகளைப் பற்றிய பாடல்களைப் பாடியது தவிர, வேலை இல்லாத நீண்ட மாதங்கள்தான் பெரும்பாலும் வாய்த்தன. பியானோவின் முன் உட்கார்ந்து பாடும் ஒரு பெண்ணை எந்தப் பெட்டியில் போடுவது என்று அன்றைய நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் மேடை நகைச்சுவையில் அவருக்கு முன்மாதிரியாக நின்ற பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

திருப்பம் 1978இல் வந்தது. லண்டனின் புஷ் தியேட்டரில் ‘இன் அட் தி டெத்’ என்ற கதம்ப நிகழ்ச்சியில் பாடல்கள் எழுதப் போனவர், அங்கே ஜூலி வால்டர்ஸைச் சந்தித்தார். பேசிக்கொண்டிருக்கையில், பல ஆண்டுகளுக்கு முன் மான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் நடிப்புப் படிப்புக்கான தேர்வுக்கு விக்டோரியா போயிருந்தபோது, அங்கே மாணவியாக இருந்து, தேர்வுக்கு வந்தவர்களைக் கவனித்துக்கொண்டவர் இதே ஜூலிதான் என்று இருவருக்கும் தெரியவந்தது. அந்தத் தேர்வில் விக்டோரியாவுக்கு இடம் கிடைத்திருக்கவில்லை. புஷ் தியேட்டரில் ஜூலிக்காக ஒரு குறுங்காட்சியை எழுதினார்; அது அரங்கை அதிரவைத்தது. அதுவரை தம் குரலுக்காக மட்டும் எழுதியவர், இன்னொருவர் குரலுக்காக எழுதியபோதுதான் தம்முடைய எழுத்தைக் கண்டடைந்தார் என்றே நான் இந்த நிகழ்வைப் படிக்கிறேன். நம் கேள்வி பிறந்த இடமும் இதுவே.

அதே ஆண்டில், இயக்குநர் டேவிட் லேலண்ட் கேட்டுக்கொண்டதன்பேரில் ஷெஃபீல்ட் க்ரூசிபிள் அரங்குக்காக ‘டேலன்ட்’ நாடகத்தை எழுதினார். மங்கிய இரவு விடுதியில் நடக்கும் திறமைப் போட்டி ஒன்றுக்கு வரும் இரண்டு தோழியரின் கதை. ‘நியூ ஃபேசஸ்’ அனுபவம் எப்படிக் கதையாக மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்: நேரடியாகத் தம் கதையை அவர் சொல்லவில்லை, போட்டியில் பங்கேற்கும் பாத்திரத்தைத் தாம் எடுத்துக்கொள்ளாமல், துணைக்கு வரும் தோழி மோரீனைத் தமக்கென வைத்துக்கொண்டார். 1979இல் கிரனாடா தொலைக்காட்சி இதைப் படமாக்கியபோது போட்டியாளராக நடித்தவர் ஜூலி வால்டர்ஸ். தொடர்ந்து அதே நிறுவனத்துக்காக ‘வுட் அண்ட் வால்டர்ஸ்’ 1982இல் முழுத் தொடராக ஒளிபரப்பாயிற்று. ஆனால் அவர்மீது நம்பிக்கை வைத்து வளர்த்த தயாரிப்பாளர் பீட்டர் எக்கர்ஸ்லி 1981இல் இறந்துவிட்டிருந்தார். அந்தத் தொடரில் சில காட்சிகள் நீண்டு தளர்வதைக் காண்பீர்கள். தளர்ந்த காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 1985இன் காட்சி ஒன்றோடு அடுத்தடுத்து ஓடவிட்டு, பின்னதில் எந்த வரிகள் வெட்டப்பட்டிருக்கும் என்று ஊகியுங்கள். இந்தப் பயிற்சி கடினமானது. ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மேடையில் ஒருவர்

அவருடைய தனிமேடைப் பேச்சுகளுக்கு 1988இன் ‘ஆன் ஆடியன்ஸ் வித் விக்டோரியா வுட்’ போதுமான அறிமுகம். 1993இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பதினைந்து இரவுகள் நிறைந்த அரங்கில் அவர் பேசினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஐயாயிரம் பேர் அமரக்கூடிய அந்த மண்டபத்தில் அவர் பேசியது உடல் எடை, உள்ளாடை, பிள்ளைப்பேறு, பொதுக் குளியலறை, சமையல் குறிப்புகள் என்று அடுக்களையில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளும் விஷயங்களையே. மேடையில் அவர் தனியாக நின்றாலும், ஒவ்வொரு கதையிலும் இரண்டு மூன்று பேர் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். அவர் குரல் மாறும் இடங்களைக் குறியுங்கள். இங்கேயும் மிகச் சிறந்த வரிகள் ‘நான்’ என்று பேசும் விக்டோரியாவுக்கு வருவதில்லை. அவர் சந்தித்த எவரோ ஒருவருக்குத்தான் போகின்றன.

1989இல் தம்மைப் போன்ற ஒரு பாத்திரத்தையே மையத்தில் வைத்து அவர் எழுதிய ஆறு அரை மணி நேர நாடகங்களுக்கு முன்னதைப் போன்ற வரவேற்பு கிடைக்கவில்லை. அவற்றில் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு மேலே செல்லலாம்.

சிரிப்புக் குறையும் படைப்புகள்

‘பேட் அண்ட் மார்கரெட்’ 1994இல் பிபிசியில் ஒளிபரப்பான படம். நெடுஞ்சாலை ஓரத்துச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்யும் மார்கரெட்டும், அமெரிக்கத் தொடரில் நடித்துப் புகழடைந்த அவருடைய அக்கா பேட்டும், இருபத்தேழு ஆண்டுப் பிரிவுக்குப் பின் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், கேமராக்களுக்கு முன்னால், எதிர்பாராமல் சேர்த்துவைக்கப்படுகிறார்கள். கூர்மையான வசனங்கள் பேட்டாக நடித்த ஜூலி வால்டர்ஸுக்கு, மௌனங்கள் விக்டோரியா வுட் நடித்த மார்கரெட்டுக்கு. மௌனத்தைத் தமக்கு எழுதிக்கொண்ட நடிகரின் துணிவை அங்கே பாருங்கள்.

அதற்கு அடுத்து 2006 டிசம்பரில் ஐடிவியில் வந்த ‘ஹவுஸ்வைஃப், 49’. மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்ய 1937இல் பிரிட்டனில் தொடங்கிய ‘மாஸ் அப்சர்வேஷன்’ திட்டத்துக்காக, பேரோ-இன்-ஃபர்னஸ் நகரின் நெல்லா லாஸ்ட் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 முதல் நாட்குறிப்பு எழுதி அனுப்பினார்; ‘இல்லத்தரசி, 49’ என்பது அவர் தம்மை அடையாளப்படுத்திய விதம். போர்க்காலத்தில் தன்னார்வப் பெண்கள் அமைப்பில் சேர்ந்து, நடுங்கும் மனத்தோடு வெளியே வந்து, மெல்ல மெல்லத் தம் குரலைக் கண்டடையும் அந்தப் பெண்ணை விக்டோரியா வுட் எழுதி நடித்தார். சிறந்த நடிகை, சிறந்த தனிநாடகம் என்று 2007இல் பிரிட்டனின் உயரிய தொலைக்காட்சி விருதான பாஃப்டா இரண்டு அதற்குக் கிடைத்தன. இதில் ஒரு செயலை மட்டும் பின்தொடருங்கள்: நெல்லா கணவரோடு ஒரே அறையில் இருக்கும்போது எப்போது பேசத் தொடங்கி, எப்போது நிறுத்திக்கொள்கிறார் என்பதை. நகைச்சுவையில் முப்பது ஆண்டுகள் இடைவெளிகளை எண்ணிப் பழகிய கை, இங்கே அதே எண்ணிக்கையை வலிக்குப் பயன்படுத்தியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை

பார்த்தது போதும் என்று தோன்றும்போது எழுத உட்காருங்கள். அதற்கான முறையையும் அவரிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ‘டின்னர்லேடீஸ்’ பகுதிகள் ஒவ்வொன்றும் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையுமாக இரண்டு வெவ்வேறு பார்வையாளர் கூட்டங்களின் முன் முழுமையாகப் பதிவு செய்யப்பட்டன. வெள்ளி இரவில் எங்கே சிரிப்பு வரவில்லை, எங்கே தாமதமாக வந்தது என்று பார்த்து, அவர் வசனங்களை மாற்றி எழுதினார். நடிகர்கள் புதிய வரிகளை மனனம் செய்துகொண்டு சனிக்கிழமை மீண்டும் நடித்தார்கள். எழுதிய சொல்லை ஓரெழுத்து மாறாமல் சொல்ல வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். தாம் எழுதியதைத் தாமே முதலில் ஐயுற்றுத் திருத்திய ஒருவருக்கு அப்படிக் கேட்கும் உரிமை உண்டு என்பது என் கருத்து.

நீங்களும் ஒரே அறையில் நடக்கும், நான்கு பேர் பேசும், மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எழுதுங்கள். வெள்ளிக்கிழமை இரண்டு மூன்று நண்பர்களை உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்காமல், ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரவில் பதிவைக் கேட்டு, சிரிப்பு எதிர்பார்த்து வராத வரிகளுக்குக் கீழே கோடு போடுங்கள். அந்த வரிகளை உடனே அடித்துவிட வேண்டாம். ஒவ்வொன்றையும் முதலில் வேறொரு பாத்திரத்தின் வாயில் வைத்துப் பாருங்கள். பிறகு அதிலுள்ள பொதுச்சொல்லைக் குறிப்பான பெயராக மாற்றிப் பாருங்கள். பிறகு அந்தப் பெயரை வாக்கியத்தின் இறுதிக்குத் தள்ளிப் பாருங்கள். மூன்றுக்கும் அசையாத வரியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதுவும் நிரப்பாமல் ஒருவரை அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கவிடுங்கள். சனிக்கிழமை வேறு நண்பர்களை அழைத்துப் படியுங்கள். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். உங்களைப் போலவே பேசும் பாத்திரம் ஒன்று அந்தக் காட்சியில் நிச்சயம் இருக்கும்; அதன் மிகச் சிறந்த வரியை, அடுத்த வாரத் திருத்தத்தில், அறையில் குறைவாகப் பேசுகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.